ஆளுக்கு அரை டம்ளர்

மாப்பிள்ளை: உசுருக்கு உங்க அரசாங்கம் விலை போட்டிருச்சு மச்சான். வைத்தியச் செலவு, வருஷத்துக்குத் தலைக்கு இவ்வளவுதான்னு. அந்தக் காசுக்கு உங்க கடையில ஒரு சட்டைத்துணி வராது.

மச்சான்: கைக்குட்டை வரும். கல்லாவுல இல்லாத காசுக்கு எந்த முதலாளி சரக்கெடுப்பான் மாப்ள?

மாப்பிள்ளை: ஆஸ்பத்திரி துணிக்கடை இல்லீங்க.

மச்சான்: கடை மாதிரி நடத்தினா உருப்படும். தனியாரு கையில கொடுத்துப் பாருங்க, மெஷின் எல்லாம் பளபளன்னு...

மாப்பிள்ளை: பில்லும் பளபளன்னு.

தங்கச்சி: ரெண்டு பேரும் தொண்டை காயக் கத்துறீங்க. தண்ணி வச்சிருக்கேன். அண்ணே, எடுத்துக்கங்க.

மச்சான்: இருக்கட்டும்மா... மாப்ள, நான் சண்டைக்கு வரலை. நாளைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல உங்க ஆளுங்க மறியல். அதைப் பேசத்தான் வந்தேன்.

மாப்பிள்ளை: கட்சி அனுப்புச்சா?

மச்சான்: வட்டச் செயலாளரை யாரு அனுப்பணும்? நானேதான் வந்தேன். எத்தனை மணிக்கு உக்காருறீங்க?

மாப்பிள்ளை: எட்டுலேருந்து அஞ்சு.

மச்சான்: ஒரு மணிக்கு மேல உக்காருங்களேன்.

மாப்பிள்ளை: மந்திரி பத்து மணிக்கு வர்றாரு. ஒரு மணிக்கு உக்காந்து யாருக்குக் கோஷம் போட... வாட்ச்மேனுக்கா?

மச்சான்: சரி, பின்வாசலை மட்டும் விட்டுருங்க. பேனர் துணிக்கு வாங்கின காசைத் திருப்பிடறேன்.

மாப்பிள்ளை: எங்க பேனருக்கு மீட்டர் பிசகாம துணி வித்ததே நீங்கதானே!

மச்சான்: வியாபாரம் வேற, கொள்கை வேற. சொல்லுங்க, பின்வாசல்?

மாப்பிள்ளை: எதுக்கு இந்தத் தவிப்பு? நோயாளிங்களை நாங்க மறிக்கலை. சீட்டைக் காட்டினா எங்க பசங்களே கைத்தாங்கலா உள்ள கூட்டிட்டுப் போவாங்க.

மச்சான்: எல்லார் முன்னாடியுமா...

மாப்பிள்ளை: என்ன?

மச்சான்: ஒண்ணுமில்லை. வேர்க்குது. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைம்மா.

மாப்பிள்ளை: இந்த வெக்கையில முழுக்கைச் சட்டை மாட்டினா வேர்க்காம? கையை மடிச்சு விடுங்க.

மச்சான்: நீங்க மட்டும் என்ன? மணிக்கட்டுப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கிட்டு...

மாப்பிள்ளை: நான் கூட்டத்துக்குப் போறவன். போன மாசம் மைக்ல நீங்க என்ன சொன்னீங்க? பெரியாஸ்பத்திரிக்குக் கொட்டுற காசு வீண்னு. எட்டு டயாலிசிஸ் மெஷின்ல மூணை நிறுத்தினதுக்குக் கை தட்டினீங்க.

மச்சான்: அது ரிப்பேர் மெஷின்னு சொன்னாங்க.

மாப்பிள்ளை: ரிப்பேர் பண்ற காசை வெட்டினா ரிப்பேராத்தான் கிடக்கும். வாரம் மூணு தடவை ரத்தம் சுத்தம் பண்ணினவனுக்கு இப்ப ரெண்டு. மூணாவது நாள் கால் வீங்கி, மூச்சு ஏறி இறங்கி...

மச்சான்: தெரியும்.

மாப்பிள்ளை: என்னத்தைத் தெரியும்?

மச்சான்: ...பேப்பர்ல படிச்சேன். நீங்க மட்டும் நேர்ல பார்த்த மாதிரி பேசுறீங்க?

மாப்பிள்ளை: நானும்... பேப்பர்லதான்.

தங்கச்சி: தண்ணி அப்படியே இருக்கு.

மாப்பிள்ளை: உங்க அண்ணனுக்கு எதிர்க்கட்சி வீட்டுத் தண்ணி இறங்காது. ரெண்டு மாசமாப் பார்க்கிறேன், வாயை நனைச்சிட்டு வச்சிடறாரு.

மச்சான்: உன் வீட்டுக்காரர் மட்டும்? கல்யாண நாளுக்கு எங்க வீட்டுக்கு வந்தவரு மோரைத் தொடலை. ரோஷம். உன் அண்ணி கண் கலங்கிட்டா.

தங்கச்சி: ரோஷமா? நல்லா இருக்கு. அண்ணே, போகும்போது இதை எடுத்துட்டுப் போங்க.

மச்சான்: என்னம்மா... போர்வையா?

தங்கச்சி: உங்க கடைப் போர்வை. ஓரத்துல பேர் நெய்திருக்கு பாருங்க.

மச்சான்: இது எப்படி இங்க... ஊரெல்லாம் விக்கிற போர்வைதானே.

தங்கச்சி: மூலையில அண்ணி கையால போட்ட பச்சைத் தையல். அது ஊரெல்லாம் விக்கிறதில்லை.

மாப்பிள்ளை: ஏய்... இதை வெள்ளிக்கிழமை நான்தானே...

தங்கச்சி: சொல்லுங்க. அண்ணன்தானே, தெரியட்டும்.

மாப்பிள்ளை: ...மெஷின் ஓட ஆரம்பிச்சா உடம்பு நடுங்கும் மச்சான். அஞ்சாம் நம்பர் கட்டில்ல யாரோ விட்டுட்டுப் போயிருந்தாங்க. புண்ணியவான்னு நினைச்சுப் போத்திக்கிட்டேன்.

மச்சான்: அஞ்சாம் நம்பரா? நீங்களா? எப்பலேருந்து?

மாப்பிள்ளை: எட்டு மாசம். சொந்த வைத்தியத்துக்குக் கூட்டம் சேர்க்கிறான்னு நீங்க மேடையில ஏத்திடுவீங்க. அதான் ஊசித் தழும்பை முழுக்கையில மறைச்சுக்கிட்டு மூச்சு விடலை. நீங்க?

மச்சான்: ஆறு மாசம். சரக்கெடுக்கப் போறேன்னு சொல்லிட்டு, வாரத்துல திங்களும் வியாழனும். தனியாருல மூணு மாசம் பார்த்தேன்... கடையில பாதி போச்சு. வீண்னு மைக்ல சொன்ன வாயோட, அந்த வாசல்ல நாளைக்கு எப்படிச் சீட்டைக் காட்டுவேன் மாப்ள?

மாப்பிள்ளை: எனக்குச் செவ்வாயும் வெள்ளியும்... அடியே, உனக்கு எப்பத் தெரியும்?

தங்கச்சி: உங்களைக் கூட்டிட்டு வரப் போனப்போ, போர்வையைப் பார்த்துட்டு நர்ஸ்கிட்ட கேட்டேன். அஞ்சு நாளா யாராவது ஒருத்தர் வாயைத் திறப்பீங்கன்னு பார்த்தேன்.

மச்சான்: இப்ப நாளைக்கு நான் என்னம்மா பண்றது?

தங்கச்சி: முன்வாசல் வழியா, இவர் தோளைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. ஒரு ஆளுக்கு வாரம் மூணு, ரெண்டு பேருக்கு ஆறு வரணும். வர்றது நாலு. பாக்கி ரெண்டு. அதை எந்தக் கட்சிகிட்ட வசூலிக்கிறதுன்னு போற வழியில சண்டை போட்டுக்கங்க. அது வர்ற வரைக்கும் குடிக்கிற தண்ணியெல்லாம் உடம்புலயே தங்கும், இந்த வீட்ல ஆளுக்கு அரை டம்ளர்தான்.