ரெண்டு யானைக்கு ஒரு ராணி

— ராணிக்கு முன்னால நிக்கிற சிப்பாய் ரெண்டு கட்டம், பக்கத்தில மந்திரிட சிப்பாயும் ரெண்டு கட்டம். இண்டைக்கும் இதே தொடக்கமா மதினி? உங்களுக்கு வேற வாசலே தெரியாதா?

— தெரிஞ்ச வாசலால போனாத்தான் வீட்டுக்குள்ள தடுமாறாம நடக்கலாம், மர்ளியா. உலகத்திலயே முதலாவதா நிண்ட கப்பபிளாங்காவ அலெகைன் வெண்டதும் இந்த வாசலாலதான். ரெண்டு பேரும் மாசக்கணக்கா ராணிச் சிப்பாயத்தானே தள்ளினாங்க. நீ ஆடு, புள்ள.

— ஆடிட்டேனே. மந்திரிய மூலையால எடுத்து வெச்சேன் எண்டு சொன்னேனே.

— கேக்கல்ல. காதுக்குள்ள கடல் இரையுது, ரெண்டு மூணு நாளா. கொஞ்சம் சத்தமாச் சொல்லு.

— சத்தமாச் சொன்னா வேலிக்கு அங்கால கேக்கும். புருசன் மையத்தாகி ரெண்டு மாசம் ஆகல்ல, இத்தா காத்து வீட்டோட இருக்கிற ஹாஜரா யானை குதிரை ஓட்டுறா எண்டு தில்லையடி முழுக்கக் கதையாகும்.

— தில்லையடியில கதைக்க யாரு மிச்சம்? எல்லாரும் காய்ச்சலில பாயில கிடக்காங்க.

— அதுவும் சரிதான். பாருங்களே, இப்பவும் ஒரு மையத்துச் சந்தூக்கு போகுது. கலிமா சொல்லுறது கேக்குதா?

— எனக்கு இரைச்சல்தான் கேக்குது. யாராம்?

— ஓலை இடுக்கால ஒண்டும் தெரியல்ல. தூக்கிட்டுப் போறது நாலே பேரு, பின்னால ஒருத்தருமில்ல. அந்த நாலு பேரிலயும் ஒருத்தர் நடுங்கி நடுங்கிப் போறார். சந்தூக்கும் சேந்து ஆடுது.

— இன்னா லில்லாஹி... அந்தத் தலகணிய எடுத்து என்ட இடுப்புக்கு வை. இருந்து இருந்து நோகுது. ஆ, போதும். உன்ட மந்திரி எங்க நிக்கிறார்?

— கப்பபிளாங்கா வெச்ச இடத்தில.

— அப்ப நான் அவர வெண்ட சுல்தான் கான். நல்லம்.

— நல்லமில்ல. கப்பபிளாங்கா விட்ட பிழைய நான் விடமாட்டேன். யானைய எங்க நிப்பாட்டியிருக்கணும் எண்டு நானா, என்ட கூடப்பொறந்தவர், எனக்குக் காட்டித் தந்தவர்.

— எனக்குக் காட்டல்ல.

— நீங்க பொஞ்சாதி. பொஞ்சாதிக்கு எல்லாத்தையும் காட்டப்படாதாம்.

— வாய் மட்டும் காய்ச்சலிலயும் ஓயாது உனக்கு.

— அல்லாவே, நினைச்சுப் பாருங்க மதினி. விளையாட வாற லோறன்ஸ் மாஸ்டர் அந்தக் கதிரையில, நானா இந்தக் கதிரையில, நாம ரெண்டு பேரும் திரைக்கு இங்கால. பலகையக் கண்ணால காண முந்தி காதாலதானே விளையாடப் பழகினோம்.

— நீ குதிரை கனைக்கும் எண்டு காத்துக்கொண்டிருந்தாய்.

— நீங்க மட்டும் என்ன? இவ்வளவு சின்ன விறாந்தையில யானைய எப்பிடி ஏத்தினாங்க எண்டு என்ட காதுக்குள்ள கேட்டீங்க. நான் சிரிச்சது கேட்டு மாஸ்டர் ஒரு குதிரைய விட்டுட்டார்.

— மனுசன் எழும்பிப் போகையில ‘உங்கட திரை நல்லா விளையாடுது, அத்தாஉல்லா’ எண்டு உன்ட நானாட்டச் சொல்லிட்டுப் போனார். சரி, என்ட குதிரை உன்ட கறுப்பு மந்திரிய வெட்டுது.

— சிப்பாயால நான் அந்தக் குதிரைய வெட்டினேன். மாஸ்டர் சுல்தான் கானை ஒத்துக்கொண்டதே இல்லைதானே? ‘தொடக்கம் தெரியாதவன் எப்பிடியோ வெண்டான்’ எண்டுதான் எப்பவும் சொல்லுவார்.

— சுல்தான் கான் இந்தியாவில பழகின ஆட்டத்தில சிப்பாய் முதல்லயும் ஒரு கட்டம்தான் போகும். சீமைக்குப் போய் ரெண்டு கட்டக்காரங்களோட விளையாடினார். தடுமாறாம என்ன செய்வார்?

— நானா சொல்லுவாரே, ‘தொடக்கத்தில தடுமாறினவன் எல்லாம் தோத்தவனில்ல மாஸ்டர், முடிவப் பாருங்க’ எண்டு.

— முடிவப் பார்த்தோம்தானே. சந்தூக்கில.

— மதினி!

— அழாத. நீ அழுதா நடுக்கம் வரும். ஆடு.

— யானை நடு வரிசைக்கு. பாத்திமாவ மாஸ்டர் நம்பவே மாட்டேனெண்டிட்டார், ஞாபகமா? சுல்தான் கான் இருந்த அதே பெரிய மனுசன்ட வீட்டில வேலைக்கு நிண்ட பொம்புளை. கடல் தாண்டிப் போய் வெள்ளைக்காரப் பொம்புளைகளையெல்லாம் வெண்டு முதலாவதா வந்தா. நானா பேப்பரத் திரைக்குக் கீழால நீட்டி அந்தப் பேர விரலால தொட்டுக் காட்டினார்.

— அந்தப் பேப்பர் உன்ட தலகணிக்குக் கீழ ஈக்கிறது எனக்குத் தெரியும். கிழிஞ்சி தூளாப் போச்சி.

— தூளானாலும் பாத்திமா பாத்திமாதான். பாருங்களே, சுல்தான் கானுக்கும் இதே முறைக்காய்ச்சல்தானாம். கழுத்தில துணியச் சுத்திக்கொண்டு வந்திருந்து விளையாடுவாராம். நாமளும் அந்தச் சாதிதான்.

— அவருக்கு மருந்து குடுக்க ஆளிருந்திருக்கும். இங்க மருந்து குடுக்கிற அப்போத்திக்கரி, வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் கொயினாத் தூள் எண்டு அளந்து குடுத்து, இண்டையோட அதுவும் முடிஞ்சி. இதான் கடைசிப் பொட்டலம். இனி சிலாபத்தால வண்டி வந்தாத்தான்.

— வரும்.

— வரும் வரும் எண்டுதான் உன்ட நானாவும் படுத்துக் கிடந்தார். பேச்ச மறந்திடாத. தோத்தவ குடிக்கணும்.

— மறப்பேனா? நீங்க குடிங்க, நீ குடி எண்டு இழுபறிப்பட்டு முதல் பொட்டலத்தில பாதியத் தரையில கொட்டினோமே. அண்டைக்குத்தானே இந்தப் பலகைய எடுத்தோம். எடுத்த நாள் தொட்டு நீங்கதான் வெல்லுறீங்க, நான்தான் குடிக்கிறேன். நாக்கே செத்துப் போச்சி.

— அதுதான் எனக்கு விளங்குதில்ல. மருந்து குடிக்கிற உனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாய் பறக்குற நடுக்கம். குடிக்காத எனக்கு வெள்ளிக்கிழமையோட நிண்டிட்டுது.

— உங்கட துஆ.

— துஆ உனக்கும்தான் கேக்கிறேன்.

— எனக்கு மருந்து மெதுவாத்தான் ஏறும். என்ட தொடக்கமே அப்பிடித்தானே, சுல்தான் கான் மாதிரி. உங்கட ராணிய அப்பால வையுங்க, கையில பிசுபிசுக்குது.

— மையத்து வீட்டுச் சனத்துக்குள்ள நல்ல ராணி காணாமப் போனதுக்கு நான் என்ன செய்ய? உப்புக்கட்டிதான் கிடைச்சிச்சி. கரைஞ்சாலும் ராணிதான்.

— பஸ்தியான்ட பொஞ்சாதி றோசாட கதை தெரியுமா? அப்போத்திக்கரி குடுத்த கொயினாவக் களப்பில கொட்டிட்டாவாம். வயித்தில ஈக்கிற புள்ளைக்கு ஆகாதாம். பைத்தியம்!

— பைத்தியமில்ல. கொயினா குடிச்சா புள்ள தங்காதெண்டு ஆசியா உம்மாவும்தான் சொல்லுறா. இந்த ஊரில பாதிப்பேரப் பூமிக்கு எடுத்துத் தந்த மருத்துவிச்சி அவ.

— அப்போத்திக்கரி வயித்துப் புள்ளக்காரியும் குடிக்கணும் எண்டுதானே சொல்லுறார். தாய் செத்தா புள்ள எங்க தங்குறது?

— உனக்கு விளங்காது.

— எனக்கு என்னதான் விளங்கும்...

— வாய மூடிட்டு ஆடு, மர்ளியா!

— சரி சரி. றோசாவுக்காக என்னைக் கடிக்காதீங்க. இந்தா, யானை உங்கட கடைசி வரிசைக்கு. ராசாவுக்குச் செக்.

— ராசா ஒரு கட்டம் முன்னால ஏறுறார்.

— மத்த யானையும் வருது. செக்!

— ராணியால அந்த யானைய வெட்டினேன்.

— மத்த யானையால உங்கட ராணிய வெட்டினேன்.

— ராசாவால அந்த யானையையும் வெட்டினேன். ராணியக் குடுத்து ரெண்டு யானை.

— அல்லாவே! பேப்பரில வந்த அதே இடம்! லோறன்ஸ் மாஸ்டர் கதிரைய விட்டு எழும்பின இடம். ராணியக் குடுக்க நெஞ்சு வேணும் எண்டு நானா சொன்னாரே. வெண்டிட்டீங்க மதினி. இனி சிப்பாய் சிப்பாயா உருட்டிப் போய்ச் சேர வேண்டியதுதான். பொட்டலத்தத் தாங்க, குடிச்சிட்டுப் படுக்கிறேன்.

— பொறு.

— என்ன?

— கப்பபிளாங்காட வழிய விட்டு எங்க திரும்புறாய், எங்க திரும்புறாய் எண்டு பார்த்துக்கொண்டே வந்தேன். நீ திரும்பவே இல்ல.

— நான் காணல்ல...

— கப்பபிளாங்கா விட்ட பிழைய விடமாட்டேன் எண்டவ நீ. யானைய எங்க நிப்பாட்டணும் எண்டு உன்ட நானா உனக்குத்தான் காட்டினவர், எனக்கில்ல. அந்த ஆட்டத்த நித்திரையிலயும் சொல்லுவாய். சொல்லிக்கொண்டே வந்து அதே குழியில இறங்கிட்டாய்.

— காய்ச்சல் தலை மதினி.

— நேத்து நீ ஆடினது, மாஸ்டர் நோம்பு மாசத்தில தோத்த ஆட்டம். அதுக்கு முந்தின நாள்? நீ தெரியாமத் தோக்கல்ல. தோக்கத்தான் விளையாடுறாய்.

— சும்மா கதைக்காதீங்க.

— மருந்து உனக்கு வேணுமெண்டா வாயால கேட்டிருக்கலாமே, புள்ள. நான் தராம விடுவேனா? உன்ட நானா உன்ன என்ட கையில புடிச்சுத் தந்திட்டுப் போனவர். அவர் செஞ்ச பலகையிலயா களவு விளையாடுறது?

— களவா? நான் களவு விளையாடுறேனா?

— உசிராசை பாவமில்ல. வெக்கமும் இல்ல. மறைச்சதுதான் எனக்கு நோகுது.

— மருந்துக்கு ஆசைப்பட்டுத் தோத்தேன் எண்டுறீங்க.

— வேற எதுக்குத் தோத்தாய்?

— இந்தாங்க. இண்டையப் பொட்டலம். பிரிச்சு நாக்கில வையுங்க.

— எனக்கு வேணாம். நான் தோக்கல்ல.

— விழுங்க வேணாம். நாக்கு நுனியில மட்டும். என்னைக் களவாணி எண்டு சொன்ன நாக்குதானே, வையுங்க.

— ... கசக்கல்லியே.

— கசக்காது. கோதம்ப மா.

— அந்த அப்போத்திக்கரி நம்மள ஏமாத்திட்டானா?

— பாவம், அந்த மனுசனில பழி போடாதீங்க. நான்தான் மாத்தினேன்.

— கொயினா எங்க?

— உங்கட கோப்பியில. விடிய நான் ஊத்தித் தாற கருப்பட்டிக் கோப்பியில. ‘என்னடி இவ்வளவு கசப்பு’ எண்டு கேட்டீங்க. காய்ச்சல் வாய்க்கு எல்லாம் கசக்கும் எண்டேன். நம்பினீங்க.

— எப்ப இருந்து?

— முதல் நாள் வெண்டு, எனக்குக் குடிக்கத் தந்திட்டு, செவரப் பார்த்துத் திரும்பி அழுதீங்களே. அண்டைக்கு விளங்கிச்சு, நானாக்குப் பின்னால போகத்தான் நீங்க வெல்லுறீங்க எண்டு. அடுத்த நாள் தொட்டு எல்லாப் பொட்டலமும் உங்களுக்குத்தான். நான் ஒவ்வொரு நாளும் மாத்தண்ணியக் குடிச்சு முகத்தச் சுளிச்சேன்.

— எல்லாமுமா?

— எல்லாமும். நடுக்கம் நிண்டது துஆவால மட்டுமில்ல. காது இரையுறதும் அதுதான். காது கூவினா மருந்து ஏறிட்டுதெண்டு அர்த்தமாம், அப்போத்திக்கரி சொல்லி அனுப்பினவர். நீங்க ‘கேக்கல்ல, கேக்கல்ல’ எண்டு சொல்லக்குள்ள எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? இந்த வீட்டில இன்னொரு சந்தூக்கு உங்களுக்காக வரப்படாது மதினி. நான் ராணியக் குடுத்திட்டேன். கோவமெண்டா அடிங்க. மதினி? கேட்டிச்சா? சத்தமாச் சொல்லவா?

— கேட்டிச்சி.

— அப்ப ஏன் முகம் வெளுக்குது?

— நானும் ராணியத்தான் குடுத்துப் பார்த்தேன், மர்ளியா. ராணி போனாலும் ரெண்டு யானை கைக்கு வரும் எண்டு நினைச்சேன்.

— ரெண்டா? இந்த வீட்டில மிச்சம் நாம ரெண்டு பேருதானே. நீங்க ராணியெண்டா நான் ஒரு யானை. மத்தது யாரு?

— முந்தி ரெண்டு தடவையும் ஊருக்குச் சொன்னேன், ரெண்டும் தங்கல்ல. இந்த முறை நாலு மாசம் தாண்டுறவரைக்கும் உனக்கும் வாய் திறக்கிறதில்லையெண்டு ஆசியா உம்மாட கையில அடிச்சுச் சொன்னேன்.

— இல்ல மதினி. இத்தாவில இருத்த முந்தி வயித்தில ஏதும் ஈக்கா எண்டு கேட்டாங்களே. ஒண்டுமில்லையெண்டு நீங்கதானே சொன்னீங்க.

— அண்டைக்கு எனக்கே தெரியாது, புள்ள.

— அல்லாவே... அல்லாவே, நான் என்ன...

— அழுறதுக்கு நேரமில்ல. ஓடிப் போய் ஆசியா உம்மாவக் கூட்டிக்கொண்டு வா. உன்ட நானாட புள்ள, மர்ளியா. விடியக் கோப்பி குடிச்சதில இருந்து எனக்கு இடுப்பு விட்டு விட்டு நோகுது.