தெற்குச் சுவர்

ஜெபசிங்: ஐயோ... அண்ணாத்த, நான் சும்மா லேசாத்தான் தட்டுனேன்.

உலகநாதன்: குடைக் காம்பால லேசா தட்டுனா ஃபால்ஸ் சீலிங் பாதி கீழ வந்துடுமா நைனா? தலைல கிலைல வுழுந்துதா?

ஜெபசிங்: தலைலதான் வுழுந்துது. உள்ள ஒண்ணும் இல்லாததால சேதாரம் இல்ல.

ஜெனிட்டா: வூடு வாங்க வந்தா கையக் கட்டிகினு பாக்கணும். இவரு ஓட்டல்ல ரூம் சாவி குடுக்குறவரு அண்ணே. யூடியூப்ல நாலு வீடியோ பாத்துட்டு, எந்த வூட்டுக்குப் போனாலும் டாக்டர் மாதிரி தட்டித் தட்டிப் பாக்குறாரு. நாங்களே சரி பண்ணிக் குடுத்துடுறோம்.

உலகநாதன்: அத்த வுடும்மா. வூடு சில்லுனு கீதா இல்லியா, அத்த சொல்லு.

ஜெனிட்டா: சில்லுனுதான் கீது...

ஜெபசிங்: ஜெனி, இந்த ஓட்டைக்குக் கீழ வந்து நில்லு.

ஜெனிட்டா: எதுக்கு... அய்ய! அனல் இறங்குதே!

ஜெபசிங்: ஃபால்ஸ் சீலிங் மறைக்கும், அவ்ளோதான். சூடு மேலயிருந்து வருது. மொட்ட மாடில வெள்ள ஓடும் இல்ல, கூலிங் பெயின்ட்டும் இல்ல. கார்த்தாலயிருந்து ஏசி ஓடிகினு கீது. இன்னா அண்ணாத்த?

உலகநாதன்: வர்றவங்களுக்கு வேர்க்கக் கூடாதேன்னு...

ஜெபசிங்: பொழுது சாஞ்சப்புறம் வாங்க, பொழுது சாஞ்சப்புறம் வாங்கன்னு போன்ல சொன்னீங்க. நாங்க மட்ட மத்தியானத்துல வந்து நின்னுட்டோம்.

ஜெனிட்டா: தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. மாமல்லபுரத்துல சிமென்ட் ஷீட்டு போட்ட வாடக வூட்ல கீறோம். புள்ளைக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது தொண்ட கட்டிப் பூடுது. அதுக்குத்தான் லோன் போட்டு இந்தக் கருங்குழி வரைக்கும் வந்தோம். எங்களால ஆயுசுக்கும் ஒரே ஒரு வூடுதான் வாங்க முடியும். இதுவும் அதே மாதிரி கொதிச்சா...

உலகநாதன்: புள்ளய கூட்டியாரலியா?

ஜெனிட்டா: பொத்தேரில எங்கம்மாகிட்ட வுட்டுட்டு வந்தோம். வெயிலாச்சே.

ஜெபசிங்: மாடிக்கு ஓடு ஒட்டிக்கலாம். மேக்கால செவுத்துக்குப் பந்தல் போட்டு அவரக்கொடி ஏத்திடலாம். ஏசிய அஞ்சு ஸ்டாரா மாத்திக்கலாம். எல்லாத்துக்கும் வழி கீது. ஆனா காத்துக்கு இன்னா பண்றது? இங்க காத்தே தெக்காலயிருந்துதான் வருது. அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லியே?

உலகநாதன்: வாஸ்து நைனா. அந்தப் பக்கம் தொறப்பு வைக்கக் கூடாது.

ஜெபசிங்: வெளிய சுத்திப் பாத்தேன் அண்ணாத்த. தெக்குச் செவுத்துல சன்ஷேடு மட்டும் துருத்திகினு கீது. செவுரு தொப்பி போட்ட மாதிரி. ஜன்னல் இல்லாத எடத்துக்கு யாராச்சும் சன்ஷேடு போடுவாங்களா?

ஜெனிட்டா: ஏங்க!

உலகநாதன்: இருந்துது... அப்புறமா அடைச்சோம். ஒரு ஜோசியரு சொன்னாரு.

ஜெபசிங்: எந்த ஊரு ஜோசியரு?

உலகநாதன்: மதுராந்தகம்... இல்ல, செங்கல்பட்டு.

ஜெனிட்டா: வுடுங்க. பெரியவர பேஜாரு பண்ணாதீங்க.

ஜெபசிங்: வம்புக்குக் கேக்கல ஜெனி. அத்த இடிச்சா பாதி சூடு பூடும். இது அவருக்குத் தெரியாதா? இத்தன வெயிலுக்கும் அடைச்சே வச்சிகினு இருந்தாரே, ஏன்? அண்ணாத்த, அந்தாண்ட சாக்கடையா? பாம்பா? எதுவானாலும் சொல்லிடுங்க. நாங்க பயப்பட மாட்டோம்... அதாவது, இவ பயப்பட மாட்டா.

உலகநாதன்: பாம்பெல்லாம் இல்ல.

ஜெபசிங்: பின்ன?

உலகநாதன்: இரு நைனா, செத்த உக்காந்துக்குறேன்.

ஜெனிட்டா: அண்ணே... தண்ணி எடுத்தாரட்டா?

உலகநாதன்: வோணாம்மா. அந்த ஜன்னலத் தொறந்தா நேரா என் தம்பி வெங்கடேசன் வூட்டு வாசல். வரப்புத் தகராறு. செத்தாலும் அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு நான்தான் கொத்தனார வச்சு அடைச்சேன். வாஸ்துவும் இல்ல, ஜோசியரும் இல்ல. போன சித்திரைல அவன் செத்துப் பூட்டான்... நீங்க வாங்குனா மொத வேலையா அத்த இடிச்சிடுங்க. புள்ளைக்கு நல்லாக் காத்து வரும். என்னாலதான் முடியல. தொறந்தா அவன் அந்த வாசல்ல உக்காந்திருக்க மாட்டான் இல்ல...