வாயை மூடாத பட்டன் போன்

"எம்புட்டு அமுக்குனாலும் வாயை மூடமாட்டேங்குதுடி."

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் சொன்னார். கையில் புது பட்டன் போன். பக்கத்தில் அவரைவிட இளையவரான தோழி.

"நம்பரை அமுக்குனா கத்துமே, அந்தச் சத்தமாக்கா?"

"அதேதான். கடையில கேட்டா, இந்த மாடல்ல நிப்பாட்ட முடியாதுங்கறாரு. நம்ம போனு, நம்ம பேச்சைக் கேக்காதா?"

"கம்பெனிக்காரன் வச்சதுதான் அதுல சட்டம். உள்ளுக்குள்ள இன்னும் என்னென்ன வச்சிருக்கானோ! டச் போன் என்னாச்சு?"

"பீரோவுல கெடக்கு. சவூதியிலேருந்து எங்க வீட்டுக்காரவுக, 'மத்தியானம் ஆன்லைன்ல இருந்தியே, யாருகூட பேசுன'ன்னு தெனமும் கேள்வி. இதுல அந்தத் தொல்லை இல்ல."

"டச் போன்லயே அதை மறைச்சு வைக்கலாமேக்கா. செட்டிங்ஸ்ல போயி ஆஃப் பண்ணுனா முடிஞ்சுச்சு."

"மறைச்சா, ஏன் மறைச்சேன்னு கேப்பாக. பட்டன் போனுன்னா யாரும் கேக்கமாட்டாக."

 

பஸ் புதுக்கோட்டையை நெருங்கியதும், மூத்தவர் போனை முந்தானையால் இறுகப் பொத்திக்கொண்டு எண்களை அமுக்கினார். ஒவ்வொரு எண்ணையும் அது இங்கிலீஷில் உரக்கச் சொன்னது. டிரைவர்கூட கண்ணாடியில் பார்த்தார்.

மறுமுனையில் எடுத்ததும் அவர் குரல் தாழ்ந்தது.

"ஆத்தா, நாந்தான். வந்துக்கிட்டிருக்கேன். ஒன்னைப் பாக்க வாரது அவுகளுக்குத் தெரியாது."