யானாகா முனேஹிரோ தன் காரைக் குறுக்கே நிறுத்தியது பற்றி

பெயர்: இசாகா ஹருமி. வயது: 46. கணவர் பெயர்: இசாகா நொபுஆகி. தொழில்: ஸ்ட்ராபெரி பண்ணையில் பழம் அடுக்கும் வேலை. விலாசம்: தோச்சிகி மாவட்டம், மோகா நகரம்.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் வசித்து வருகிறேன். பந்தயத்தடத்தில் நடந்த விபத்து தொடர்பாக என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து கேட்டுக்கொண்டதன் பேரில் இந்த வாக்குமூலம் பதிவு செய்யப்படுகிறது.

விபத்தில் எரிந்துபோன டர்போ கார் என்னுடையது. என்னைவிடச் சற்றே இளைய வண்டி. வெளியே துரு, உள்ளே எஞ்சின் மட்டும் நல்ல நிலை என்ற நிலையில் வாங்கினேன். எங்கள் பண்ணையில் கோடைக்காலத்தில் பழம் கிடையாது என்பதால் பழம் அடுக்கும் கொட்டகை காலியாக இருக்கும். அதில் வண்டியை வைத்து வேலை செய்துகொள்ள முதலாளி அனுமதி தந்தார். அதன் பிறகு நானும் என் கணவரும் இரண்டு கோடைகள் அதிலேயே வேலை செய்தோம். வேகத்தைக் கூட்டுவதற்கு முன் நிற்பதற்கு வழி பார்க்க வேண்டும் என்பது என் கணவரின் கட்சி. ஆகவே முதலில் பிரேக், பிறகு டயர், அதன் பிறகு எஞ்சின் சூடாகாமல் இருக்கப் பெரிய ரேடியேட்டர் என்று மாற்றினோம். ரேடியேட்டர் மட்டும் புதியது. இருக்கை வேறொரு நொறுங்கிய வண்டியிலிருந்து எடுத்தது. டர்போவின் காற்றைக் குளிரவைக்கும் பெட்டியை உடைசல் கடைக்காரர் இனாமாகவே தந்தார். பதிலுக்கு, பழம் வந்த பருவத்தில் அடிபட்ட பழங்களை ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுத்தோம். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி வரும் ரப்பர் குழாயும் பழையதுதான். அதை மாட்டியவர் என் கணவர். கிளிப்பை இறுக்கியபோது விளக்குப் பிடித்தது நான்.

சம்பவத்தன்று காலை நாங்கள் மலையடிவாரத்தில் உள்ள பந்தயத்தடத்துக்குச் சென்றோம். அது போட்டி அல்ல. பணம் கட்டியவர்கள் தங்கள் வண்டியைத் தாங்களே ஓட்டிப் பார்க்கும் நாள். ஓட்டுவதற்கு முன் நடந்த கூட்டத்தில், என்ன நேர்ந்தாலும் ஓடுபாதையில் யாரும் நிறுத்தக் கூடாது, சிவப்புக் கொடி காட்டினால் எல்லோரும் மெதுவாக உள்ளே வந்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். என் அருகில் உட்கார்ந்திருந்தவர்தான் யானாகா முனேஹிரோ. கூரை வேயும் ஒப்பந்தக்காரர். அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. அவருடைய கார் அன்று வந்தவற்றிலேயே புதியது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என் காரைச் சுற்றி வந்து மோந்து பார்த்தார்.

"என்னம்மா, ஸ்ட்ராபெரி வாசனை தூக்குது? பெட்ரோலா, ஜாமா?" என்று கேட்டார்.

"பின்னாடியே வாங்க, மோந்துக்கிட்டே வரலாம்" என்றேன்.

பக்கத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் அதிகம் சிரித்தார். எங்களுக்குள் வேறு பேச்சு நடக்கவில்லை. எங்களுக்குள் பகை இருந்ததாக யாராவது சொல்லியிருந்தால் அது சரியல்ல.

அதன் பிறகு முதல் ஓட்டம் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது ஓட்டத்தில் யானாகா எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். தடத்தில் ஒரு மேடு உண்டு. ஏறும்போது மறுபக்கம் தெரியாது. அந்த மேட்டைத் தாண்டி இறங்கும்போது என் காரின் முன்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை வந்தது, உடனே கறுப்பாக மாறியது. குழாய் கழன்று, அடுப்புபோல் பழுத்திருந்த டர்போவின் மேல் எண்ணெய் கொட்டியது என்பது பிறகு தெரிந்தது. நான் புல்தரைக்கு ஒதுங்கப் பார்த்தேன். எண்ணெய் டயரிலும் பட்டிருக்க வேண்டும், கார் வழுக்கிக்கொண்டு போய்ப் பாதி பாதையிலும் பாதி புல்லிலுமாக நின்றது. பானட்டின் இடுக்கிலிருந்து நெருப்பு எழுந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டைக் கழற்ற முயன்றேன். பெல்ட்டின் பூட்டில் என் மேல்சட்டைத் துணி சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. உள்ளே புகை வந்துவிட்டது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது பின்னால் பார்க்கும் கண்ணாடியில், யானாகா மேட்டைத் தாண்டி வந்ததையும், என்னைக் கடந்து போக இடம் இருந்தும் போகாமல் மேட்டுக்கும் எனக்கும் நடுவே தன் காரைப் பாதைக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தியதையும் என் கண்ணால் பார்த்தேன். கார் சுழலவில்லை. நின்ற பிறகு ஆபத்தை அறிவிக்கும் நான்கு விளக்குகளும் மின்னத் தொடங்கின. அதன் பிறகு அவர் சிறிய தீயணைப்பானோடு ஓடி வந்து பானட்டின் மேல் அடித்தார், அது தீர்ந்ததும் கீழே போட்டுவிட்டு ஜன்னல் வழியாக இரண்டு கைகளையும் விட்டுக் கத்தியால் பெல்ட்டை அறுத்தார்.

"உதறாதம்மா, உதறாத. அறுந்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கையுறை அப்போதே உருகிக்கொண்டிருந்தது.

அவர் என்னைப் புல்லில் இழுத்துப்போட்ட சமயத்தில் கிமிஜிமா யோஷிகி என்பவருடைய கார் மேட்டைத் தாண்டி வந்து, பிரேக் பிடித்தும் நிற்காமல் யானாகாவின் காரில் மோதியது. மோதிய வேகத்தில் யானாகாவின் கார் நகர்ந்து வந்து, எரிந்துகொண்டிருந்த என் காரின் பின்பக்கத்தைத் தொடாமல் நின்றது. கிமிஜிமாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. சிவப்புக் கொடி அதன் பிறகுதான் வந்தது.

தன் கவனக்குறைவால் கார் சுழன்று பாதையில் நின்றுவிட்டதாக யானாகா வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்றும், அதனால் கிமிஜிமாவுக்குக் காயம் ஏற்படுத்தியதாக அவர்மேல் வழக்கு வரலாம் என்றும் பந்தயத்தடத்தார் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதைக் கேட்ட பின் நானும் என் கணவரும் பேரிக்காய் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். அவருடைய இரண்டு கைகளும் கட்டுக்குள் இருந்தன. நான் தோல் சீவிக் கொடுக்க, அவர் மனைவி ஊட்டிவிட்டார்.

"ஏன் யானாகா சான் இப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வேணும்னே நிறுத்தினேன்னு சொன்னா, எதுக்குன்னு கேப்பாங்க. அப்புறம் எண்ணெய், குழாய், மாட்டினது யாருன்னு போகும். உங்க வீட்டுக்காரர் ராத்திரி பகலா உழைச்ச வண்டின்னு தடத்துல பேசிக்கிட்டாங்க. எனக்கென்ன, ஒரு காரு போச்சு. அதுவும் தவணை முடிஞ்ச காரு" என்றார்.

"முடிஞ்சிருச்சா? என்கிட்ட அப்படிச் சொல்லலையே" என்று அவர் மனைவி கேட்டார். யானாகா வாயைத் திறந்து அடுத்த துண்டுக்குக் காத்திருந்தார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகு என் கணவர், "போய்ச் சொல்லிரு ஹருமி. மாட்டினது நான்தான்னும் சொல்லிரு. அந்த மனுஷன் கூரை ஏறிப் பொழைக்கிற கை அது" என்றார்.

"உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"நீ இருக்கியே. அது போதும் எனக்கு."

அதன் பிறகு கிமிஜிமாவையும் போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர், "அந்தக் காரு அங்க நிக்கலேன்னா நேரா உங்க வண்டிமேல வந்திருப்பேன் அக்கா. நீங்க உள்ள இருந்திருப்பீங்க. எலும்பு ஒட்டிக்கும், போன உயிரு ஒட்டாது" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

யானாகா அவர்களிடம் இரக்கம் காட்டும்படி நான் கேட்கவில்லை. விதியை மீறித்தான் அவர் நிறுத்தினார், அது எனக்கும் தெரியும். அவர் கவனம் தவறவில்லை, கவனித்துத்தான் செய்தார் என்பதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று காலை நான் எழுந்து, அரிசி களைந்து, என் கணவரோடு சாப்பிட்டுவிட்டு இங்கே நடந்து வந்தது அதனால்தான்.

நான் சொன்னவற்றை அதிகாரி எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார். கேட்டுப் புரிந்துகொண்டேன், நான் கண்டதற்கும் சொன்னதற்கும் மாறாக இதில் எதுவும் இல்லை. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். என் கணவரும், கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி கிமிஜிமாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களும் யானாகாவுக்காகச் சொல்ல வந்திருக்கிறார்கள், ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன்.

(ஒப்பம்) இசாகா ஹருமி
(முத்திரை)