டாக்டரை யாரும் எழுப்பிவிடல

அவன நான் கடைசியா பாத்ததா? இதே ஸ்டூல்லதான் தம்பி, அவன் உக்காந்திருந்தான். சனிக்கிழமை மத்தியானம். நான் லேத்துல ஒரு ஷாஃப்ட் கடைஞ்சிட்டிருந்தேன், உடனே நிறுத்தல. ஹெல்மெட்ட மடியில வச்சுக்கிட்டு, மெஷின் சத்தம் அடங்கட்டும்னு காத்திருந்தான். அதுக்கப்புறம் பதினேழாவது நாள் அவன் வண்டி மேல அந்த லாரி ஏறிடுச்சு.

நீங்க ஏன் நிக்கிறீங்க, உக்காருங்க. இரும்புத்தூள் ஒட்டும், இந்தத் துணியப் போட்டுக்கங்க. அவனுக்கு அந்த மெசேஜெல்லாம் அனுப்பினவன் யாருன்னு தெரியணும், அதுக்குத்தானே வந்திருக்கீங்க? சொல்றேன். அவனுக்கு நீங்க யாருன்னு வாசல்லயே சொல்லிட்டீங்க, நல்லதாப் போச்சு. என்கிட்ட அதச் சொல்ல அவனுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

ஆமா, டாக்டர்னுதான் கூப்பிடுவோம். கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவன்னு அப்புறந்தான் தெரியும். போன்ல ஆடுற துப்பாக்கி விளையாட்டுல குண்டு பட்டு விழுந்தவன ஓடிப்போய் எழுப்பிவிடுறது அவன் வேலை. நான்தான் டீமுக்கு லீடர். பசங்க வச்ச பேரு பெருசு. வீட்டுக்காரி போனப்புறம் சாயங்காலம் ஆனா வீட்டுக்குள்ள நுழையவே பிடிக்காது. அக்கா மகன்தான் போன்ல இத ஏத்திக் குடுத்தான். ஆறு மணிக்கு ஹெட்போன மாட்டினா காதுக்குள்ள நாலு குரல். அதுல அவன் குரல் ஒண்ணுதான் தெனம் கேக்கும், சாப்டீங்களாண்ணேன்னு.

இல்ல தம்பி, உங்க விஷயத்த வெளிய விட்டது நான் இல்ல. அது சத்தியம். ஒருநாள் நீங்க பின்னாடியிருந்து அவன ஏதோ கூப்பிட்டீங்க. இவன் மைக்க மூட மறந்து, வரேன் கண்ணுன்னுட்டான். கூப்பிட்டது ஆம்பளக் குரல். நாலு பேரும் கேட்டோம்.

அதுலேர்ந்து அவன் வாயத் திறந்தா ஒருத்தன் சாவிக்கொத்த மைக்குக்கிட்ட ஆட்டுவான், வளையல் சத்தமாம். அவன் விழுந்தா யாரும் எழுப்ப மாட்டானுங்க. தொட்டா ஒட்டிக்குமாம். இவன் மட்டும் எல்லாரையும் எழுப்பிக்கிட்டே இருப்பான். எழுந்தவன் அவனையே திட்டுவான்.

நானா? நான் கொஞ்ச நாள் எழுப்பினேன். அப்புறம் ஒருத்தன் கேட்டான், என்ன பெருசு, பொண்டாட்டி செத்ததும் இவனப் புடிச்சுக்கிட்டியான்னு. எல்லாரும் சிரிச்சானுங்க. நானும்தான் சிரிச்சேன். ஆனா ஆறு மணி எப்ப ஆகும்னு நான் காத்திருந்தது அந்த ஒரு குரலுக்குத்தான். தப்பா எடுத்துக்காதீங்க, அது வேற மாதிரி இல்ல. இல்ல... எந்த மாதிரின்னு எனக்கே தெரியல. அம்பத்தெட்டு வயசுல அத யோசிக்கப் பயமா இருந்துச்சு. மறுநாள்லேர்ந்து அவன் விழுந்தா இருபது அடி தள்ளி நின்னேன். எழுப்புங்கன்னு திரையில ஒரு கை மாதிரி வரும். வந்து வந்து போகும். பாத்துக்கிட்டே நிப்பேன்.

சொல்றேன், அதுக்குத்தான் வரேன். டீம்ல கிண்டல் பண்ணினவனுங்க வேற. தனியா மெசேஜ் போட்டவன் வேற. உன் அப்பாகிட்ட சொல்லிடுவேன், கடை வாசல்ல வந்து நிப்பேன்னு மெரட்டினவன் அந்த மூணு பசங்கள்ல யாரும் இல்ல.

அன்னிக்கு அவனும் இதத்தான் கேக்க வந்தான். மெசேஜ் வர்ற அந்த ஐடி யாரோடதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கண்ணே, போலீஸுக்கெல்லாம் போகமாட்டேன், எதுக்குன்னு ஒரு தடவ கேக்கணும், அவ்வளவுதான்னான். அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆம்பளையா இருடா, இதுக்கெல்லாமா ஒருத்தன் அழுவான்? சொல்லிட்டு மெஷினப் போட்டுட்டேன். ஹெல்மெட்ட எடுத்துக்கிட்டு எழுந்தான். போகும்போது அந்தச் சத்தத்துக்கு மேல கத்திச் சொன்னான், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு வேல பாருங்கண்ணேன்னு.

லாரிக்கும் மெசேஜுக்கும் சம்பந்தமில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கலாம். அதச் சொல்லித்தான் நானும் இத்தன நாள் தூங்கினேன்.

நீங்க போலீஸுக்கு எழுதத்தானே போறீங்க? எழுதுங்க. பேனா வேணுமா? அந்த ஐடிய ஆரம்பிச்ச நம்பர் என் வீட்டுக்காரியோடது. அவ போன் சும்மா கெடந்துச்சு. என்னப் பத்தி பசங்க இன்னொரு தடவ அப்படிக் கேக்குறதுக்குள்ள அவனா டீம விட்டுப் போயிட்டா நல்லதுன்னு நெனச்சேன். போகமாட்டேன்னான். நானும் மெசேஜ் போட்டுக்கிட்டே இருந்தேன்.

போன் அந்த ட்ராயர்ல இருக்கு, எடுத்துக்கங்க. நூத்திப் பதினாலு மெசேஜ். ஒண்ணையும் அழிக்கல.