உப்புப் போட்ட ஐஸ்

குருநகரில் எங்கள் வீட்டில் ஐஸுக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. மீன் வியாபாரம். அதனால்தான் பொலிஸ் ஐயா, என் கணவரின் ஊசி மருந்து ஐஸில் உறைந்து பழுதானதை, அறியாமல் நடந்த பிழை என்று எழுத வந்திருக்கிறீர்கள். அப்படி எழுதவேண்டாம்.

செல்வரட்ணத்துக்கு ஈரல் முழுக்கப் போய்விட்டது. அதைத் திரும்ப வளரத் தூண்டுகிற ஊசி பன்னிரண்டு போடவேண்டும், கடைசி நம்பிக்கை அதுதான் என்று டொக்டர் சொன்னார். ஐந்தை வார்டில் போட்டார்கள். மிச்சம் ஏழையும் வீட்டுக்கு வந்து போட வார்டுத் தாதி ஜெயகௌரி மிஸி ஒத்துக்கொண்டார். "பிரிட்ஜிலை வையுங்கோ அக்கா. உறைஞ்சால் பலன் போயிடும்" என்று இரண்டு தரம் சொன்னார். எனக்கு ஒரு தரமே போதும்.

குடித்து ஈரலைக் கெடுத்ததைக்கூட நான் பொறுத்தேன். தொண்ணூற்றாறில் சுற்றிவளைப்பில் ஆமி என் அண்ணை லெனாட்டைக் கொண்டுபோன பிறகு, அண்ணையைத் தேடி முகாம் முகாமாக என்னோடு அலைந்தவர் அவர். அந்த நன்றியில்தான் அவரைக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள், சுவரைப் பார்த்தபடி, "லெனாட்டைக் காட்டிக் குடுத்தது நான்தான்" என்றார்.

"உண்மையாவோ?"

"ஓம்." கொஞ்ச நேரத்தில், "வள்ளம் கரைக்கு வந்திட்டுதோ அம்மா?" என்று என்னைக் கேட்டார். வள்ளத்தை விற்றுப் பத்து வருடம்.

இருபத்தெட்டு வருடம் போராட்டங்களில் அண்ணையின் படத்தை என்னோடு சேர்ந்து தூக்கிப் பிடித்த கை அது. ஆனாலும் அன்றும் கஞ்சி பருக்கினேன்.

ஐஸுக்கு மேல் உப்புத் தூவினால் குளிர் இன்னும் கூடும். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஏழு ஊசியையும் மீன் வைக்கும் றெஜிபோம் பெட்டியில், அந்த ஐஸுக்குள் புதைத்தேன். கல்லாக உறைந்ததும் எடுத்து, இளகவிட்டு, துடைத்து, பிரிட்ஜில் வைத்தேன். மிஸி ஆறைப் போட்டார். அவரில் பிழை இல்லை. ஒவ்வொரு தரமும் பக்கத்தில் நின்று என் கணவரின் கையைப் பிடித்துக்கொடுத்தது நான்தான்.

ஆறாவதோடு செத்தார். மிஞ்சின ஊசியின் மட்டைப்பெட்டியில் மீன் செதிலைக் கண்டுதான் மிஸி உங்களுக்கு அறிவித்தார். நான் தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

செத்த பிறகு டொக்டர் ஒன்று கேட்டார். "அந்த நாளுகளிலை குழம்பிக் கதைச்சவரோ? ஈரல் போனால் மூளையும் குழம்பும் அம்மா. கண்டதையும் சொல்லுவினம், நம்பக்கூடாது. உடனை கொண்டுவந்திருக்கவேணும்."

இல்லை, நல்ல தெளிவாகத்தான் கதைத்தவர் என்று சொன்னேன். அதையும் மாற்றாமல் எழுதுங்கள். அவர் தெளிவாகத்தான் இருந்தார். இருந்திருக்கவேண்டும்.