வழியில் விழுந்ததாகச் சொன்னது

ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து ராமநாதபுரம் போகும் காலைப் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவளின் மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் நிறைந்த ஒரு பை இருந்தது.

"ரோட்டுல விழுந்தாகன்னு பொய் சொன்னது நான்தான்க்கா" என்றாள் அவள்.

மூத்தவள் திரும்பினாள். "என்னத்தா சொல்றே? ஒம் புருசன் வேலைக்குப் போற வழியில சைக்கிள்ல இருந்து விழலையா?"

"இல்லக்கா. ரைஸ் மில்லுல நெல்லு மூடை சரிஞ்சுதான் இடுப்பு போச்சு. மில்லுல அடிபட்டதுன்னு எழுதுனா கேசாயிரும், வழியில விழுந்ததாச் சொல்லும்மா, எந்திரிச்சு நடந்ததும் வேலை தாரேன்னு மொதலாளி அழுதாரு. நானும் ஆஸ்பத்திரியில அப்படியே சொல்லிட்டேன்."

"இப்பச் சட்டத்த மாத்திட்டாகளாம்ல. வேலைக்குப் போற வழியில அடிபட்டாலும் நஷ்டஈடு உண்டாமே?"

"அதக் கேட்டுத்தான் போன வாரம் லேபர் ஆபீசுக்குப் போனேன். இவுக அடிபட்டது சட்டம் மாறுறதுக்கு முந்தியாம். அதனால செல்லாதுன்னுட்டாக. மில்லுல அடிபட்டதுன்னு சொல்லியிருந்தா பழைய சட்டத்துலயே கெடைச்சிருக்குமாம்."

மூத்தவள் அவள் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு, "இப்ப எங்க போறே?" என்றாள்.

"அதே ஆபீசுக்குத்தான். அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுக்கப் போறேன். நம்புவாகளோ என்னமோ."

"ஒம் புருசனுக்குத் தெரியுமா?"

"அவுக அன்னைக்கே வேணாம்னாகக்கா. ஸ்ட்ரெச்சர்ல கெடந்துக்கிட்டு, உள்ளதச் சொல்லுடின்னு என் கையப் புடிச்சாக. நான்தான் உதறிவிட்டேன்."